கடற்கரைச் செடிகளின் கணக்கெடுப்பு

காரைக்கால் வட்டாரத்து மண்டபத்தூரை உள்ளடக்கிய சோழமண்டலக் கரையின் மணல்மேடுகளில் அடும்பும் இராவணன் மீசையும் சேர்ந்து வளர்வதுபோல, ஒத்த சூழலில் கூடி வாழும் செடிகளின் தொகுதியைத் தாவரச் சமூகம் என்பர். அதனை ஆராயப் பழகுவோர், சீரான இடத்தில் கயிற்றால் சதுரம் வகுத்து, அதனுள் உள்ள இனங்கள் யாவற்றையும் குறித்து, ஒவ்வொன்றும் தரையை எவ்வளவு மறைக்கிறது என மதிப்பிடுகின்றனர். தாவரவியலாளர் பிரவுன்-பிளாங்கே 1928-இல் வெளியிட்ட நூலால் பரவிய முறையில், முக்கால் பங்குக்கு மேல் மறைக்கும் செடிக்கு 5, நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவானதற்கு 1 என மதிப்பெண் தரப்படும். பல சதுரங்களின் பட்டியல்களை ஒப்பிட்டு, திரும்பத் திரும்ப ஒன்றாகத் தோன்றும் இனங்களைக் கொண்டே சமூகங்கள் பிரிக்கப்படுகின்றன. இத்தகைய களப்பணியும், 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டவை போன்ற தாவர வரைபடங்களும், எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய உதவுகின்றன.