கொலைவெறிக்குத் திறந்த கதவு, விமியோவுக்குப் பூட்டு

அனிருத் இசையில் தனுஷ் பாடிய ‘கொலைவெறி’ பாட்டு 2011 நவம்பர் 16 அன்று யூடியூபில் ஏறியது. திருடி ஏற்றியவர் யாருமில்லை; இசை உரிமையை வாங்கியிருந்த சோனி நிறுவனமே ஏற்றியது. எவரும் காசில்லாமல் கேட்கலாம், நண்பர்களுக்கு அனுப்பலாம். சில வாரங்களில் தமிழே தெரியாதவர்கள் வாயிலும் அந்தப் பாட்டு புகுந்துவிட்டது.

அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச் 30 அன்று திரைக்கு வந்தது. திருட்டுப் பிரதி இணையத்தில் பரவாமல் தடுக்கத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கும் சேர்த்துத் தடை கிடைத்தது. நம் நாட்டில் இப்படிப்பட்ட உத்தரவுக்கு ‘அசோக் குமார் உத்தரவு’ என்றே பெயர். தெலுங்கில் ‘தம்மு’ படத்துக்கும் இதேபோல் ஒன்று வாங்கினார்கள்.

இந்த உத்தரவுகளைக் காட்டி மே மாதம் காணொளித் தளங்களான விமியோ, டெய்லிமோஷன், கோப்புப் பகிர்வுத் தளமான பைரேட் பே எனத் தளம் தளமாக மூடப்பட்டன. சில இணைய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் இந்தத் தளங்களைத் திறந்தால், முடக்கப்பட்டிருப்பதாகச் சொல்லும் ஒரு வரி அறிவிப்பு மட்டும் வந்தது. பேஸ்ட்பின்னும் தப்பவில்லை. நிரல் எழுதுபவர்கள் வெறும் எழுத்துகளை ஒட்டிவைத்துப் பகிரும் இடம் அது. அங்கே ஒரு முழுப் படத்தை வைக்கவே முடியாது. மிஞ்சிப்போனால் சுட்டியை எழுதி வைக்கலாம். விமியோவிலோ தங்கள் குறும்படங்களைச் சொந்தமாக ஏற்றியிருந்த இளைஞர்கள் ஏராளம். அவர்களும் படைப்பாளிகள்தானே? அவர்கள் உரிமையை யார் காப்பது?

வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவரின் கோபம் நியாயமானது. வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்தால் அவர் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒரு கடையில் திருட்டு சிடி விற்றார்கள் என்பதற்காகக் கடைத்தெரு முழுவதற்கும் பூட்டுப் போடுவது நீதியாகாது.

இணைய நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின. ஜூன் 22 அன்று தெளிவு பிறந்தது: திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட சுட்டியை மட்டும் முடக்கினால் போதும், முழுத் தளத்தையும் அல்ல, விவரம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்க வேண்டிய உத்தரவு இது.

அதற்கு முந்தைய நாள், ஜூன் 21 அன்று, பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்குக்கு வெளியே ஈட்டும் வருமானத்தில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. மாநிலங்களவையில் இதற்காக உரக்கப் பேசியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாட்டெழுதியவர் வீட்டில் அடுப்பெரிய வழிசெய்வது இத்தகைய சட்டமும் முறையான உரிமக் கட்டணமும்தான். பேஸ்ட்பின்னை மூடியதால் எந்தக் கவிஞருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இனி இணையத்தில் எதைத் தடுத்தாலும், எந்த உத்தரவின்படி, யார் கேட்டு, எத்தனை நாளுக்கு என்ற விவரம் அந்தத் தடைத் திரையிலேயே இருக்க வேண்டும். தவறாக மூடப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். நீதிமன்றங்களும் தொலைத்தொடர்புத் துறையும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.