மைசூர்ப் பருப்பும் களைக்கொல்லியும்

மைசூர்ப் பருப்பு எனப் பெயர் வழங்குவதால் அது மைசூரில் விளைவது என்று மயங்குவார் பலர். இன்று அதனை மிகுதியாக விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதனுள்ளும் பெரும்பகுதி சஸ்காச்சுவான் மாநிலத்து விளைச்சலாகும். முன்னர் அங்கே கோதுமை ஓராண்டு, தரிசு ஓராண்டு என்பதே வழக்கம். அம்மாநிலப் பல்கலைக்கழகத்து ஆல் சிலிங்கார்டு 1978-இல் வெளியிட்ட ‘லேர்டு’ என்னும் வகை அவ்வழக்கை மாற்றத் துணைசெய்தது. தரிசாய்க் கிடந்த நிலம் பணம் தரலாயிற்று. அச்செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதால், அடுத்து வரும் கோதுமைக்கு உரச்செலவும் குறைந்தது.

ஆயினும் இச்செடிக்கு ஒரு குறை உண்டு. முழ உயரமே வளர்வது. இளமையில் மெல்ல வளர்வது. காட்டுக் கடுகு முந்திக்கொண்டால் விளைச்சல் போயிற்று. இரண்டும் அகன்ற இலைச் செடிகளே. ஆதலின் கடுகைக் கொல்லும் மருந்து பயிரையும் கொன்றுவிடும். கூலியாள் வைத்துக் களை பறிப்பதோ, ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆகாத காரியம்.

இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லிகள், லியூசின், ஐசோலியூசின், வாலின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களைச் செடி ஆக்கிக்கொள்ள உதவும் நொதியைத் தடுத்து, அதனைப் பட்டினியால் மாய்ப்பன. அந்நொதி சற்றே திரிந்தமைந்த பருப்புச் செடிகளைத் தேர்ந்து பெருக்கியதே புதுவகையின் பிறப்பு. பிற உயிரின் மரபணு எதுவும் இதிற் புகுத்தப்படவில்லை.

இலாபக் கணக்கு இவ்வளவில் முடிவதில்லை. ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதற்கு மடியாத களையே எஞ்சி வித்திடும். காய்ந்தபின் காற்றில் உருண்டோடி விதை தூவும் கோச்சியாக் களை இவ்வாறே அம்மருந்தை வென்றுவிட்டது. மழை குறைந்த ஆண்டில் மருந்தின் எச்சம் மண்ணில் தங்கி, அடுத்து விதைக்கும் கடுகுப் பயிரைக் கெடுப்பதும் உண்டு. அதனைத் தாங்கும் பயிரையே அவ்வயலில் இடல் வேண்டும்.

நல்ல விலை கிடைக்கும்போது உழவர் சுழற்சியைச் சுருக்க விரும்புவர். ஆண்டுக்கடன் அடைக்க வேண்டியவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் 2012-இல் சஸ்காச்சுவானில் உறுதிசெய்யப்பட்ட அபனோமைசிஸ் என்னும் வேரழுகல் நோய்க்கு அதுவே வாய்ப்பு. களைக்கொல்லி அந்நோயைத் தொடாது. நோய்வித்து மண்ணிற் பல்லாண்டு உறங்கும். நோய் கண்ட வயலில் ஆறு முதல் எட்டாண்டு வரை மைசூர்ப் பருப்பையும் பட்டாணியையும் விதையாது விடவேண்டும் என்பர் அறிஞர். அவ்விடைவெளியில் அந்நோயை ஓரளவு தாங்கும் கொண்டைக்கடலை இடுவோரும் உளர்.