வேகக் கார்களும் அவை ஓடும் தூரமும்

பழைய மோட்டார் காரை விலைக்கு வாங்க வருவோர், அதன் வண்ணத்தையும் மெருகையும் கண்டு மகிழ்ந்தாலும், விலை பேசுமுன் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு கண்ணாடிக்குள் குனிந்து பார்ப்பது வழக்கம். அந்த வண்டி பிறந்த நாள் தொட்டு எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதை அங்குள்ள எண்கள் அறிவிக்கின்றன. குடும்பக் காரைப் பொறுத்தவரை அவ்வெண் அதன் உழைப்பின் கணக்கு. பிரிட்டனில் ஒரு கார் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7,000 மைல் ஓடுகிறது. ஜெர்மனியில் 12,000 கிலோமீட்டரை ஒட்டி ஓடுகிறது. அமெரிக்காவில் ஓட்டுநர் ஒருவர் ஆண்டொன்றில் 13,000 மைலுக்கு மேல் ஓட்டுகிறார் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறையினர் கணக்கிட்டுள்ளனர்.

இவற்றினும் பன்மடங்கு விலையும் வேகமும் உடைய கார்கள் உள்ளன. பெராரி, லம்போர்கினி, மெக்லாரன் முதலிய பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மைவிட நன்கு அறிவர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாயும் ஆற்றல் வாய்ந்த இந்தக் கார்கள் ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடுகின்றன? மேனாடுகளில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளின் விளம்பரங்களைப் பார்ப்போர், பத்தாண்டு வயதான பெராரி ஒன்று பத்தாயிரம் அல்லது இருபதாயிரம் மைல் மட்டுமே ஓடியிருப்பதை அடிக்கடி காணலாம். ஆண்டுக்கு ஆயிரம், மிஞ்சினால் இரண்டாயிரம் மைல் என்பது கணக்கு. மிக வேகமாக ஓடவல்லது மிகக் குறைவாக ஓடுகிறது! இந்த விசித்திரத்தின் காரணங்களைச் சிறிது ஆராய்வோம்.

அதற்குமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்பது தொல்லை தரும் தொடர். ‘விளையாட்டுக் கார்’ என்று பெயர்த்தால் குழந்தைகள் தரையில் உருட்டும் பொம்மை நினைவுக்கு வரும். ‘பந்தயக் கார்’ என்பதும் பொருந்தாது. சோழவரத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்த நாள்களைக் கண்டோர், பந்தயத்திற்கென்றே அமைத்த வண்டி வேறு, பொதுச் சாலையில் எண்பலகையோடு செல்லும் வண்டி வேறு என்பதை அறிவர். ஆகவே ‘வேகக் கார்’ என்றே இங்குக் குறிப்போம். அகராதிக்காரர் பொறுத்தருள்க.

மெக்லாரன் எப்-1 என்னும் காரின் வரலாறு நம் பொருளை நன்கு விளக்கும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்டன் மர்ரே என்னும் பொறியியல் வல்லுநர் இதனை இங்கிலாந்தில் வடிவமைத்தார். ஓட்டுநர் இருக்கை நடுவிலும், உடன் செல்வோர் இருவரின் இருக்கைகள் அதற்குச் சற்றுப் பின்னே இருபுறமும் அமைந்த புதுமை வண்டி இது. 1992 முதல் 1998 வரை எல்லா வகையும் சேர்த்து 106 வண்டிகளே உருவாயின. 1998ஆம் ஆண்டில் இவ்வகைக் கார் ஒன்று மணிக்கு 240 மைல் வேகத்தை எட்டியது. இதை நாள்தோறும் ஓட்டிச் செல்லத்தக்க வண்டியாகவே மர்ரே கருதினார். பெட்டி படுக்கை வைப்பதற்கும் அதில் இடம் உண்டு.

இந்த 106 வண்டிகளுள் இரண்டை மட்டும் நோக்குவோம். ஒன்று, ‘மிஸ்டர் பீன்’ என்னும் வேடத்தால் உலகெங்கும் நகைப்பூட்டிய ரோவன் அட்கின்சன் 1997இல் வாங்கியது. மின்பொறியியல் பட்டம் பெற்றவர் அவர் என்பதைப் பலர் அறியார். வண்டியைப் பூட்டி வைத்துப் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை, ஓட்டினார். 2011இல் கேம்பிரிட்ஜ்ஷயர்ச் சாலையொன்றில் அது மரத்தில் மோதிப் பெருஞ் சேதமுற்றது. பழுது நீக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. காப்பீட்டு நிறுவனம் அதற்காக அளித்த தொகை 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு எனச் செய்தித்தாள்கள் வியப்புடன் எழுதின. 41,000 மைல் ஓடிய நிலையில், 2015இல் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு அவ்வண்டி விலைபோனதாகவும் செய்தி வந்தது. வாங்கிய விலையைவிட அது பன்மடங்கு மிகுதி.

மற்றொன்று 1995ஆம் ஆண்டுக்குரிய வண்டி. 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்திற்கு வந்தபோது அதன் எண்கள் காட்டிய மொத்தத் தூரம் 390 கிலோமீட்டர். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர். டெல்லி கரோல்பாகில் வாழும் நம் அன்பர் மத்தியச் செயலகத்துக்குச் சென்று திரும்ப ஒரு நாளில் கடக்கும் தூரம் ஏறத்தாழ அவ்வளவே. அந்த வண்டி 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் செய்தி விளங்கும். வேகக் காரை ‘மிகுதியாக ஓட்டியவர்’ என்று புகழ்பெற்ற அட்கின்சன்கூட, பதினெட்டு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 2,300 மைலே ஓட்டியிருக்கிறார். இங்கிலாந்தின் குடும்பக் கார் அந்தத் தூரத்தை நான்கே மாதங்களில் கடந்துவிடும். ஓட்டாது வைத்திருந்தவருக்கோ சந்தை பெரும் பரிசளித்தது. மண்ணில் புதைத்த பொற்காசு போல் அந்த வண்டி செல்வமாகிவிட்டது. செல்வமாகிய பின் அதன் சக்கரம் சுழலும் ஒவ்வொரு மைலும் உடையவருக்கு நஷ்டமாகத் தோன்றுவது இயல்பே.

வேறு காரணங்களும் உண்டு. இத்தகைய காரை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரே காரோடு நிற்பதில்லை. நான்கும் ஆறும் வைத்திருப்பார்; ஆனால் ஒரு வேளையில் ஒன்றைத்தானே ஓட்ட இயலும்? சிறு எண்ணிக்கையில் வரும் அரிய வகைகளைத் தன் வண்டிகள் பலவற்றை முன்பே வாங்கியவர்களுக்கே முதலில் அளிப்பது பெராரி நிறுவனத்தாரின் வழக்கம். இதனால் மிக அரிய வண்டி, அதை ஓட்ட ஓய்வு மிகக் குறைந்தவரிடமே போய்ச் சேருகிறது. குளிர்நாடுகளில் பனி உருக்குவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுவர். உப்பு உலோகத்தை அரிக்குமாதலால் அம்மாதங்களில் வண்டி வெளியே வராது. ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் காப்பீட்டுக் கட்டணம் குறையும் ஏற்பாடும் உண்டு.

எண்ணுக்கு இத்தனை மதிப்பு இருப்பதால் அதைத் திருத்தும் ஆசையும் சிலருக்கு எழாமற் போகவில்லை. பழைய வண்டிகளில் இவ்வெண்களைச் சுழற்றியது ஒரு கம்பிவடம்; அதைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. அமெரிக்காவில் இவ்வாறு செய்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் விவரமறிந்தோர் எண்ணை மட்டும் நம்புவதில்லை. கால்மிதியின் தேய்மானத்தையும், இருக்கைத் தோலின் சுருக்கத்தையும், ஆண்டுதோறும் பழுது பார்த்த சீட்டுகளையும் கூர்ந்து நோக்குகின்றனர்.

இனி, ஓட்டாத வண்டி கெடாத வண்டியா என்று கேட்போம். இல்லை என்பதே விடை. பலர் தவறாகக் கருதும் இடம் இதுவே.

வண்டியின் சில உறுப்புகள் மைலுக்கேற்பத் தேய்கின்றன. வேறு சில நாளுக்கேற்ப முதுமை அடைகின்றன. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழ்ந்து, கடும் வேகத்தில் பிரேக் பிடிக்கையில் கைவிடும். பெட்ரோல் நாள்பட்டுக் கெட்டுப் பிசின்போல் படியும். ரப்பர் வளையங்கள் உலர்ந்து எண்ணெய் கசியும். பாட்டரி தானே வடியும். 1994 முதல் 1999 வரை வெளிவந்த பெராரி எப்-355 என்னும் வண்டியில், எஞ்சினுக்குள் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்குவது ஒரு ரப்பர்ப் பெல்ட். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கொருமுறை அதை மாற்றியாக வேண்டும். அறுந்தால் எஞ்சின் நாசமாகும். அதை மாற்றுவதற்கோ எஞ்சினையே வண்டியிலிருந்து இறக்க வேண்டும்! நூறு மைல் ஓட்டியவருக்கும் பதினாயிரம் மைல் ஓட்டியவருக்கும் செலவு ஒன்றே. 2004இல் வந்த எப்-430 முதல் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இடம்பெற்றமை உடையவர்களுக்குப் பெரிய நிம்மதி.

இந்நிறுவனத்தார் தம் புதிய கார்களுக்கு ஏழாண்டுப் பராமரிப்பை வழங்குகையில் வைத்த கெடுவும் கருதத்தக்கது: 20,000 கிலோமீட்டர், அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அது. பெரும்பாலோர்க்கு முந்துவது ஆண்டே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பொருட்செலவோடு இது நிற்பதாயின் நாம் இவ்வளவு விரித்துரைக்க வேண்டுவதில்லை. உயிரும் இதில் சிக்கியிருக்கிறது. குறைவாக ஓடிய காரின் டயர் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். வரிப்பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். ஆனால் ரப்பர் உள்ளுக்குள் இறுகி, சாலையைப் பற்றும் குணத்தை இழந்திருக்கும். 2013 நவம்பர் 30ஆம் நாள், கலிபோர்னியாவில் சாண்டா கிளாரிட்டா என்னும் ஊரில், போர்ஷே கரேரா ஜி.டி. என்னும் வேகக் கார் விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பற்றியது. அதில் இருந்த திரைப்பட நடிகர் பால் வாக்கரும், ஓட்டிச் சென்ற அவருடைய நண்பரும் மாண்டனர். அளவுகடந்த வேகமே விபத்துக்குக் காரணம் என்று புலனாய்ந்த அதிகாரிகள் முடிவு கூறினர். அதனுடன், வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அப்பழமை வண்டியின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

ஓடுவதால் மட்டும் வண்டி அழிந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் பள்ளி ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் என்பவர் 1966இல் வால்வோ பி-1800 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். பெராரியைப்போல் அரிய வண்டியன்று. ஆயினும் அழகிய வண்டி. தயாரித்தவர் கையேட்டில் சொன்னபடியெல்லாம் எண்ணெய் மாற்றி, விடாது ஓட்டினார். 2013இல் அலாஸ்காவில் அது முப்பது லட்சம் மைலைத் தொட்டது. 2018இல் அவர் காலமானார்.

நம் நாட்டிலும் வேகக் கார்கள் இல்லாமலில்லை. 2002இல் சச்சின் டெண்டுல்கர், பிராட்மனின் 29 சதங்களை எட்டியதைப் பாராட்டி, பெராரி 360 மோடெனா ஒன்று அவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. சுங்க வரி விலக்குப் பற்றி எழுந்த வாதங்களும், முடிவில் பியட் நிறுவனமே வரியைச் செலுத்தியதும் பலருக்கு நினைவிருக்கலாம். 2011இல் அவ்வண்டி சூரத் வணிகர் ஒருவர் கைக்கு மாறியது. வண்டியின் விலையை ஒத்தும் மிஞ்சியும் விதிக்கப்பட்ட அந்த இறக்குமதி வரியே, வெளிநாட்டு வேகக் காரை இங்கு மேலும் அரிதாக்கிற்று.

அரிதாக வந்ததும் சாலையைக் கண்டு அஞ்சுகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் ஊரார் தாமே எழுப்பிக்கொண்டவை எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவையல்ல. வேகக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியோ பல வகைகளில் 10 முதல் 12 சென்டிமீட்டரே. முன்பகுதியைச் சற்றே உயர்த்தும் பொத்தான் சில வண்டிகளில் உண்டெனினும், மாட்டுவண்டிபோல் ஊர்ந்துதான் தடையைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் பள்ளம் எது, குட்டை எது என்று தெரியாது. ஆகவே மும்பை, பெங்களூர், டெல்லி ஆகிய நகரங்களில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, போக்குவரத்து எழுமுன், இக்கார்கள் கூட்டமாக நெடுஞ்சாலைக்குச் சென்று, சிற்றுண்டி உண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்புகின்றன. ஆண்டில் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளே உண்டு. அவற்றுள்ளும் மழைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் கழிந்தவை போக எஞ்சுபவை எத்தனை?

பெராரி வாங்குவோர் நம்மில் மிகச் சிலரே. எனினும் வெளிமாநிலங்களில் வாழும் நமக்கும் இதில் கவனிக்கத்தக்கது உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சிறு காரை ஒன்றரை மாதம் பூட்டி வைத்துச் செல்கிறோம்; அலுவலகத்திற்கு மெட்ரோ ரயிலில் போவதால் கார் வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு. புறப்படுமுன் டயர்களில் காற்றை நிரப்பிவிடுக. நெடுநாள் நிற்குமாயின் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைப்பது நன்று. அண்டை வீட்டார் வண்டியைக் கிளப்பி வைப்பதாகச் சொன்னால், நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிடாமல், இருபது நிமிடம் ஓட்டித் திரும்புமாறு வேண்டிக்கொள்க. எஞ்சின் நன்கு சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறும். டயரின் பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் ஒருமுறை பார்த்து வைத்தல் வேண்டும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்த டயர். வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாயிருப்பினும், ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை அறிந்தவரிடம் காட்டிச் சோதித்த பின்னரே நெடுவழிக்கு எடுத்துச் செல்க.