உங்களுக்குத் தெரியுமா? வெறுங்கண்ணுக்குத் தெரியும் ராட்சத விண்மீன் ரோகிணி

பஞ்சாங்கத்தில் ரோகிணி என்ற பெயரைப் பார்க்காதவர் இல்லை. வானத்தில் ரோகிணியைப் பார்த்தவர் குறைவு. 27 நட்சத்திரங்களில் நான்காவதான இதன் தலைமை விண்மீனை வானியலாளர்கள் அல்டெபரான் என்கிறார்கள். ஆரஞ்சு நிறம் கொண்ட ராட்சத விண்மீன் அது. தொலைநோக்கி தேவையில்லை, மொட்டை மாடியும் மேகமில்லாத இரவும் போதும்.

★ எப்போது பார்க்கலாம்?
கார்த்திகை மாதம் தொடங்கிப் பங்குனி வரை முன்னிரவில் தெரியும். தை மாத நடுவில் இரவு 8 மணி வாக்கில் உச்சிக்கு வந்துவிடும். சென்னையில் நிற்பவருக்கு அது தலைக்கு நேர் மேலிருந்து வடக்கே சுமார் 3.5 பாகை மட்டுமே விலகியிருக்கும். ஐரோப்பியர்களுக்கு இவ்வளவு உயரத்தில் அது கிடைப்பதில்லை.

★ எப்படி அடையாளம் காண்பது?
ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை முதலில் பிடியுங்கள். ஓரியன் எனும் வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்புவார் அது. அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான சிரியஸ் வரும். வடமேற்கே நீட்டினால் ரோகிணி. அதே போக்கில் இன்னும் சென்றால் கார்த்திகைக் கூட்டம்.

★ பிரகாசத்தில் 14-வது இடம்
இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களை வரிசைப்படுத்தினால் ரோகிணி ஏறக்குறைய 14-வது இடத்தில் வரும். அதன் ஒளி சற்றே கூடிக் குறையும். ஆனால் அந்த மாற்றம் மிகச் சிறியது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும்.

★ 65 ஆண்டுப் பயணம்
ரோகிணி நம்மிடமிருந்து சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி, இப்போது 65 வயது ஆனவர்கள் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பியது.

★ ஏன் ஆரஞ்சு?
கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். விண்மீனுக்கும் நிறம்தான் வெப்பமானி. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,770 கெல்வின். ரோகிணிக்கு சுமார் 3,900 கெல்வின்தான். நீலவெண்மையான சிரியஸையும் ஆரஞ்சான ரோகிணியையும் மாறி மாறிப் பாருங்கள். எது அதிகச் சூடு என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

★ கண்ணுக்குத் தெரியாத பாதி
சூரியனின் ஒளிவீச்சு பச்சை நிற அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது. ரோகிணியின் உச்சம் சுமார் 740 நானோமீட்டரில், சிவப்பின் விளிம்பில் இருக்கிறது. எனவே அது வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராகவே வருகிறது. நம் கண்ணுக்கு எட்டுவது எஞ்சிய பங்குதான்.

★ 44 சூரியன்கள் வரிசையாக
ரோகிணியின் விட்டம் சூரியனைப் போல் சுமார் 44 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், புதனின் பாதையில் பாதித் தூரம் வரை நிரப்பிவிடும். பூமியிலிருந்து பார்த்தால் வானத்தில் 23 பாகை அகலத்துக்கு ஆரஞ்சு வட்டமாக நிற்கும். இன்றைய சூரியனின் அகலம் அரைப் பாகைதான்.

★ சூடு குறைவு, ஒளி அதிகம்
குளிர்ந்த விண்மீன் எப்படி இவ்வளவு பிரகாசிக்கிறது? கணக்கு எளிது. விட்டம் 44 மடங்கு என்றால் மேற்பரப்பு 44 × 44, அதாவது 1,936 மடங்கு. வெப்பநிலை குறைவு என்பதால் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியன் தருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலையே தருகிறது. இரண்டையும் பெருக்கினால் சுமார் 400 சூரியன்களின் ஆற்றல் வருகிறது.

★ காற்றைவிட லேசு!
உருவம் இவ்வளவு பெரிது. நிறையோ சூரியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 1.16 மடங்கு. அவ்வளவு பொருளும் 85,000 சூரியன்களை அடக்கும் இடத்தில் பரவிக் கிடக்கிறது. சராசரி எடுத்தால், நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் அறுபதில் ஒரு பங்குகூட ரோகிணிக்குத் தேறுவது கடினம். உள்ளே மையக் கரு மட்டும் மிக மிக அடர்த்தியானது.

★ நிலாவைவிடக் குறைந்த ஈர்ப்பு
ரோகிணியின் மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம், நிலாவில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு தளர்ந்த பிடி என்பதால் அதன் வெளிப்புற வாயு தொடர்ந்து கசிந்து விண்வெளிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

★ ஏன் இப்படி ஊதியது?
ஒரு காலத்தில் ரோகிணியும் சூரியனைப் போல மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டிருந்த சாதாரண விண்மீன்தான். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் ஹீலியக் கரு சுருங்கிச் சூடேறியது. அதைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாக எரியத் தொடங்கியது. அந்த ஆற்றல் வெளி அடுக்குகளைத் தள்ளி விரித்தது. விரிந்ததால் அவை குளிர்ந்தன. ஆரஞ்சு நிறம் வந்தது அப்படித்தான்.

★ நம் சூரியனின் எதிர்காலம்
ரோகிணியின் அதிர்வுகளைக் கொண்டு 2018-ல் கணித்தபோது அதன் வயது சுமார் 640 கோடி ஆண்டு என்று தெரிந்தது. சூரியனுக்கு 460 கோடி. இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில் சூரியனின் மையத்திலும் ஹைட்ரஜன் தீரும். அதுவும் இதே வழியில் ஊதும். சூரியனின் முதுமை எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் ரோகிணியைப் பார்க்கலாம்.

★ ஒரு சுற்றுக்கு 520 நாள்
சூரியன் தன்னைத்தானே சுற்றச் சுமார் ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறது. ரோகிணிக்குச் சுமார் 520 நாள் ஆகிறது. உடல் விரிய விரியச் சுழற்சி மெதுவாகும் என்பது இயற்பியல் விதி.

★ கூட்டத்தில் சேராத விண்மீன்
ரோகிணியைச் சுற்றி ஆங்கில ‘வி’ வடிவில் மங்கலான விண்மீன்கள் தெரியும். ஹையடெஸ் என்னும் கொத்து அது. நம் முன்னோர் வண்டி வடிவமாகக் கண்டு சகடு என்றார்கள். பார்க்க ஒரே குடும்பம்போல் இருந்தாலும் அந்தக் கொத்து சுமார் 150 ஒளியாண்டு தள்ளி, ரோகிணிக்கு வெகு பின்னால் இருக்கிறது. நம் பார்வைக் கோட்டில் தற்செயலாகச் சேர்ந்துகொண்டவை இவை.

★ சங்க காலத் திருமண நாள்
நிலவு சகடுடன், அதாவது ரோகிணியுடன், சேரும் நாளைத் திருமணத்துக்கு உகந்த நாளாகத் தமிழர் கருதினர். அகநானூற்றின் 136-ஆம் பாடலில் வரும் மணவிழா அப்படிப்பட்ட நாளில்தான் நடக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் திருமணமும் அப்படியே.

★ கத்திரியில் ஒளிந்திருக்கும்
அக்னி நட்சத்திரம் என்னும் கத்திரி, சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழையும்போது தொடங்கி, ரோகிணியின் முதல் பாதத்தைக் கடக்கும்போது முடிகிறது. ஜூன் மாதத் தொடக்கத்தில் சூரியன் ரோகிணி விண்மீனுக்கு மிக அருகில் இருக்கும். அந்த நாட்களில் ரோகிணி பகலில் உதித்துப் பகலிலேயே மறைவதால் பார்க்க முடியாது.

★ நிலையான விண்மீன் நகர்ந்த கதை
கி.பி. 509 மார்ச்சில் ஏதென்ஸ் நகரத்தில் நிலவு ரோகிணியை மறைத்ததை ஒருவர் குறித்துவைத்தார். 1718-ல் எட்மண்ட் ஹாலி அந்தக் குறிப்பை எடுத்துக் கணக்கிட்டார். ரோகிணி எப்போதும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அன்று ஏதென்ஸில் அப்படித் தெரிந்திருக்க முடியாது. ரோகிணி, சிரியஸ், சுவாதி மூன்றும் இடம் மாறியிருப்பதை அவர் உலகுக்குச் சொன்னார். விண்மீன்கள் நகர்கின்றன என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது.

★ ஒளியில் படித்த இரும்பு
1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ரோகிணியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அதில் இரும்பு, சோடியம், கால்சியம், மக்னீசியம் உட்பட ஒன்பது தனிமங்களின் கோடுகளைக் கண்டார். பூமியில் உள்ள பொருள்களாலேயே விண்மீன்களும் ஆனவை என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான் உறுதியானது.

★ புள்ளிக்கு அகலம் கண்டவர்
எவ்வளவு பெரிய விண்மீனும் கண்ணுக்குப் புள்ளிதான். 1921-ல் பிரான்சிஸ் பீஸ், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் 100 அங்குலத் தொலைநோக்கியோடு குறுக்கீட்டுமானி ஒன்றை இணைத்து ரோகிணியின் அகலத்தை அளந்தார். இன்றைய அளவீடு 0.02 விகலைக்குச் சற்று மேல். அதாவது ஒரு பாகையை 1,80,000 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு.

★ அன்று அதுவே முதல்
ரோகிணி நொடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால், சுமார் 3.2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது 21.5 ஒளியாண்டு தொலைவில் இருந்தது. அப்போது இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான்; இன்றைய சிரியஸ் அளவுக்கு ஒளிர்ந்தது.

★ அங்கே போகும் விண்கலம்
1972 மார்ச்சில் நாசா ஏவிய பயோனியர் 10, வியாழனைக் கடந்து ரோகிணி இருக்கும் திசையில் போய்க்கொண்டிருக்கிறது. ஓர் ஆண், ஒரு பெண் உருவம் பொறித்த தகடும் அதில் இருக்கிறது. கடைசி சிக்னல் 2003 ஜனவரியில் கிடைத்தது. அந்த 65 ஒளியாண்டுத் தொலைவைக் கடக்க அதற்கு 20 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும் என்கிறது நாசா.

★ கோள் உண்டா?
ரோகிணியை ஒரு பெரிய கோள் சுற்றலாம் என்று 1993-லேயே பேச்சு எழுந்தது. 2015-ல் ஓர் ஆய்வுக் குழு, வியாழனைப் போல் பல மடங்கு நிறையுள்ள கோள் இருப்பதாகச் சொன்னது. 2019-ல் வேறொரு குழு, அந்த அசைவு விண்மீனின் சொந்தத் துடிப்பாகவே இருக்கலாம் என்று ஐயம் எழுப்பியது. வழக்கு இன்னும் முடியவில்லை.

★ இரண்டு உறவினர்கள்
27 நட்சத்திரங்களில் ஆரஞ்சு ராட்சதர்கள் வேறும் உண்டு. சுவாதி 37 ஒளியாண்டு தொலைவில், சூரியனைப் போல் 25 மடங்கு விட்டத்தோடு இருக்கிறது. புனர்பூசத்தின் இரட்டையரில் பிரகாசமானதான போலக்ஸ் 34 ஒளியாண்டில், 9 மடங்கு விட்டத்தோடு இருக்கிறது. போலக்ஸுக்குக் கோள் உண்டு என்பது 2006-ல் உறுதியானது.

★ நிலவு மறைக்கும் ஆண்டுகள்
2015 ஜனவரி முதல் 2018 செப்டம்பர் வரை நிலவு மாதந்தோறும் ரோகிணியை மறைத்தது. மொத்தம் 49 முறை. ஒவ்வொரு மறைப்பும் பூமியின் ஒரு பகுதிக்கு மட்டுமே தெரியும். நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புவதால், அடுத்த தொடர் 2033-ஐ ஒட்டித் தொடங்கும். அதுவரை ஒரு பயிற்சி: பஞ்சாங்கத்தில் ரோகிணி என்று போட்டிருக்கும் இரவில் நிலவைப் பாருங்கள். பக்கத்தில், அதிகம் போனால் பதினைந்து பாகைக்குள், இந்த ஆரஞ்சு விண்மீன் இருக்கும். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.