மணியடித்தால் பாடம், மணியடித்தால் பாத்திரம்

கத்தோலிக்கர் என்றாலே நமக்குப் பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான் ஞாபகத்துக்கு வரும். திருச்சியில் செயின்ட் ஜோசப், சென்னையில் லயோலா, ஊருக்கு ஊர் சிஸ்டர்கள் நடத்தும் கான்வென்ட். கோயில் கட்டிய கையோடு பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் கட்டிய சபை அது. அந்தச் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா, "என் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கும் அனுப்பப் போவதில்லை, சமையலறை மேசையில் வைத்து நானே சொல்லிக் கொடுக்கிறேன்" என்று கிளம்பினால், நம்மூரில் பங்குச் சாமியாரே வீடு தேடி வந்து விசாரிப்பார். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கக் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன.

அங்கும் ஒரு காலத்தில் இது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். 1884-ல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு பங்கிலும் பள்ளி இருக்க வேண்டும், பெற்றோர் பிள்ளைகளை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்று கட்டளையே போட்டார்கள். 1960-களின் நடுவில் நாடு முழுக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டைத் தோளில் சுமந்தவர்கள் கன்னியர். 1965-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,80,000 கன்னியர் இருந்தார்கள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வாங்காமல் அவர்கள் பாடம் நடத்தியதால்தான் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அங்கே படிக்க முடிந்தது. பிறகு மடங்கள் காலியாகின. இன்று கன்னியரின் எண்ணிக்கை 40,000-க்கும் கீழே. அவர்கள் இடத்துக்கு வந்த ஆசிரியர்களுக்குக் குடும்பம் உண்டு, வீட்டு வாடகை உண்டு. சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டணம் ஏறியது, பள்ளிகள் மூடப்பட்டன. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் பல நகரங்களில் 10,000 டாலரைத் தாண்டுகிறது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் இது என்ன கணக்கு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பணம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பள்ளியில் ஞானோபதேசம் நீர்த்துப் போய்விட்டது என்ற மனக்குறை பல பெற்றோருக்கு உண்டு. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்காக இந்த வழிக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். எப்படி வந்திருந்தாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: ஒரு வீடு, ஒரு அம்மா, ஆளுக்கொரு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள், கழுவாத பாத்திரம்.

இவர்களில் பலர் பாடப் புத்தகம் வாங்குவது விர்ஜீனியா மாநிலத்தில் ஃப்ரன்ட் ராயல் என்ற சிற்றூரிலுள்ள செட்டன் அஞ்சல்வழிப் பள்ளியிடமிருந்து. அந்தப் பெயருக்குரிய எலிசபெத் ஆன் செட்டன் யார் தெரியுமா? ஐந்து பிள்ளைகளின் தாய், 1803-ல் விதவையானவர், அடுத்த இரண்டாண்டில் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். மேரிலாந்தில் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் அன்னை என்று அவரைச் சொல்வார்கள். அந்த நாட்டில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்; ஆண்டு 1975. பள்ளிகளின் அன்னையுடைய பெயரில் பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம்!

சட்டத்திலும் இதே கதைதான். 1922-ல் ஓரிகன் மாநிலம், எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கர்களைப் பிடிக்காத கூ கிளக்ஸ் கிளான் கும்பல் அதற்குப் பின்னால் நின்றது. பள்ளி நடத்திக்கொண்டிருந்த கன்னியர் சபையொன்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1925-ல் ஜெயித்தது. பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அன்று வந்த தீர்ப்பைத்தான் இன்று வீட்டுக்கல்வித் தாய்மார்களும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது.

ஆக, பெயரும் கன்னியர் விட்டுப்போனது, உரிமையும் அவர்கள் வாங்கிக் கொடுத்தது. மூன்றாவதாக ஒன்றையும் இந்த அம்மாக்கள் மடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதுதான். மடத்தின் ஒழுங்கு.

ஹாலி பியர்லோ என்பவர் 2004-ல் 'எ மதர்ஸ் ரூல் ஆஃப் லைஃப்' என்றொரு புத்தகம் எழுதினார். துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கு இருப்பதுபோலக் குடும்பத் தலைவிக்கும் ஒன்று வேண்டும் என்பது அதன் வாதம். ஜெபம், தன் உடல்நலம், கணவர், பிள்ளைகள், வீட்டு வேலையும் வரவுசெலவும் என்று கடமைகளை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாளில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்கிறார். வீட்டுக்கல்வி அம்மாக்களிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட புத்தகம் இது.

மூலம் எங்கே என்று தேடிப் போனால் ஆறாம் நூற்றாண்டு இத்தாலிக்குப் போய்ச் சேருவோம். புனித பெனடிக்ட், நம்மூர்க் கிறிஸ்தவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவர், தன் மடத்துக்கு 73 அதிகாரங்களில் ஒழுங்கு எழுதினார். பக்தி நூல் என்று நினைத்துத் திறந்தால் பாதி வீட்டு நிர்வாகம். சமையலறை வேலை வாரமுறை. எல்லோருக்கும் முறை வரும். முறை முடிக்கிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைக் குறையின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மடத்துப் பண்டபாத்திரங்களைப் பீடத்துப் பாத்திரங்களைப்போல மதிக்க வேண்டும். மணி ஒலித்தால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஜெபத்துக்கு ஓட வேண்டும். பரிமாறுகிறவர்கள் முணுமுணுக்காமல் இருக்க, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்களுக்குக் கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறார். பசியோடு பரிமாறுகிறவருக்குக் கோபம் வரும் என்று தெரிந்த மனிதர்.

இந்த ஒழுங்கு ஓர் அமெரிக்க வீட்டில் எப்படி இறங்குகிறது? வீட்டுக்கு வீடு மாறும். பொதுவாகக் காணக்கூடிய ஒரு நாள் இது. காலையில் அம்மா ஜெபத்தை முடித்த கையோடு இரவுச் சாப்பாட்டுக்கான இறைச்சியையும் காய்களையும் 'ஸ்லோ குக்கர்' என்ற மின்சாரப் பாத்திரத்தில் போட்டு மூடிவிடுவார். அது எட்டு மணி நேரம் தானே வெந்துகொண்டிருக்கும். ஐந்து மணிக்கு எல்லோரும் சோர்ந்து, கைக்குழந்தை அழும் நேரத்தில் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை. காலை உணவு முடிந்ததும் ஆளுக்கொரு வேலை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். ஒருவன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வான், ஒருத்தி துணி இயந்திரத்தை ஓட்டுவாள், நான்கு வயதுக்காரன் காலுறைகளுக்கு ஜோடி தேடுவான். துணியைத் தினம் ஒரு சுமையாவது போட்டுவிட வேண்டும் என்பது இந்த வீடுகளில் எழுதாத சட்டம். ஒரு நாள் விட்டால் மறுநாள் மலை.

ஒன்பது மணி வாக்கில் மேசை துடைக்கப்பட்டுப் பள்ளியாகும். ஞானோபதேசமும் கணக்கும் முதலில். தலை தெளிவாக இருக்கும் நேரம் அது. கடினமான பாடம் எப்போது, எளிதான பாடம் எப்போது என்பதை இங்கே தீர்மானிப்பது பாடத்திட்டத்தைவிடக் கைக்குழந்தையின் தூக்கம். குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் அல்ஜீப்ரா. விழித்தபின் சத்தமாகக் கதை வாசித்தல். வரலாறும் புனிதர் கதையும் எல்லா வயதுக்கும் பொது, ஆகவே அம்மா வாசிக்க, பெரியவர்கள் துணி மடித்துக்கொண்டே கேட்பார்கள். பாட நேரத்தில் மட்டும் வெளியே எடுக்கிற தனிப் பொம்மைப் பெட்டி சின்னவனுக்கு. கணக்குப் புத்தகம் காணாமல் போனால் அந்தோணியாரைக் கூப்பிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்காவும் அந்தோணியார் கோயில் உள்ள நம் உவரியும் ஒன்றுதான். நண்பகலில் மூவேளை ஜெபம், பிறகு ரொட்டியும் சூப்பும், அதன்பின் வீடு முழுக்க ஒரு மணி நேர மௌனம். தூங்குகிறவர் தூங்கலாம், படிக்கிறவர் படிக்கலாம், பேசக் கூடாது. அச்சு அசல் மடத்துப் பழக்கம். அம்மாவுக்கு ஒரு கோப்பை காபி சூடாகக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஜெபமாலை. பத்து வயதுப் பையன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பதில் சொல்வான். பாளையங்கோட்டையில் மட்டும் என்ன, முழந்தாளிலா நிற்கிறார்கள்?

கடிகாரத்தை மடம் கொடுத்தது என்றால் நாட்காட்டியைக் கோயில் கொடுக்கிறது. இந்த வீடுகளில் சமையலும் அலங்காரமும் திருநாளைப் பார்த்து மாறும். டிசம்பர் 6-ல் புனித நிக்கோலாஸ் திருநாள். முந்தின இரவே பிள்ளைகள் காலணியைக் கதவருகே வைத்துவிடுவார்கள், காலையில் அதில் மிட்டாய் இருக்கும். டிசம்பர் 13-ல் லூசியம்மாளுக்குக் குங்குமப்பூ போட்ட பன். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று மந்திரித்த சாக்பீஸால் வாசல் நிலைக்கு மேலே ஆண்டின் எண்களையும் கஸ்பார், மெல்கியோர், பல்தசார் ஆகியோரின் முதலெழுத்துகளையும் எழுதுவார்கள். மார்ச் 19 சூசையப்பர் திருநாளில் சிசிலியிலிருந்து வந்த வழக்கப்படி நூடுல்ஸ் மேல் ரொட்டித்தூளைத் தூவுவார்கள். தச்சர் வீட்டு மரத்தூளாம் அது! நவம்பரில் சகல புனிதர் திருநாளுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு புனிதராக வேடம் போடுவார்கள். கிழிந்த போர்வை அசிசி பிரான்சிஸ் ஆகும். அமெரிக்க ஆயர்கள் 1966-லேயே தவக்காலத்துக்கு வெளியே வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் இவர்களில் பலர் ஆண்டு முழுக்க வெள்ளியன்று இறைச்சி தொடுவதில்லை. பாலாடைக்கட்டி பீட்சாவும் டூனா மீனும் வாரந்தோறும் வந்துபோகும்.

இதற்கெல்லாம் வழிகாட்டிய புத்தகங்களில் ஒன்றை எழுதியவர் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தால் உலகம் அறிந்த மரியா வான் டிராப். சால்ஸ்பர்க்கில் பெனடிக்ட் சபை மடத்தில் கன்னியாகப் பயிற்சி பெற்று, பிறகு பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு மணமாகிப் போனவர். ஆண்டு முழுதும் திருநாட்களை வீட்டில் கொண்டாடுவதைப் பற்றி 1955-ல் எழுதினார். மடத்து நாட்காட்டி சமையலறைக்கு வந்த பாதையை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் இவரைப் பார்க்கலாம்.

அரசாங்கத்துக்கு என்ன கணக்குக் காட்டுகிறார்கள்? அது எந்த மாநிலத்தில் வீடு என்பதைப் பொறுத்தது. பென்சில்வேனியாவில் உறுதிமொழிப் பத்திரம், 180 நாள் பாடம், ஆண்டு முடிவில் பிள்ளையின் எழுத்து வேலைகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்டுதல் எல்லாம் உண்டு. டெக்சாஸில் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கேட்பார் இல்லாத இந்த நிலைதான் விமர்சகர்களை உறுத்துகிறது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்தோலே 2020-ல், வீட்டுக்குள்ளே துன்புறுத்தப்படும் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அனுமதி பெற்றால் ஒழிய வீட்டுக்கல்வி கூடாது என்று எழுதினார். அதே ஆண்டுதான் பெருந்தொற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக்கல்வி நடத்துவோர் வசந்தத்தில் 5.4 சதவீதம், இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம் என்று மக்கள்தொகைத் துறையின் கணக்கெடுப்பு சொன்னது. தடை செய்யச் சொன்ன கட்டுரை வந்த வேகத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆனாலும் பேராசிரியரின் கேள்வி பொருளற்றது அல்ல. கேள்வி கேட்டாலே மதத்தின்மீது தாக்குதல் என்று கூச்சல் போடுவது பதிலாகாது.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. ஆசீர்வாதப்பரின் சமையலறையில் வாரம் ஒருவர் மாறினார். இந்த வீட்டில் மாறுவது யார்? பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், உண்மைதான். மூத்த பெண் கொஞ்சம் அதிகமாகவே செய்கிறாள். அப்பா மாலையில் வந்து அறிவியல் சொல்லித் தருவார், சனிக்கிழமை கடைக்குப் போவார். ஆனால் சமையற்காரர், ஆசிரியர், தலைமையாசிரியர், மடத்துத் தலைவி நான்கும் ஒரே ஆள், சம்பளம் கிடையாது. கன்னியர் சம்பளமில்லாமல் சுமந்ததை இப்போது தாய்மார்கள் சம்பளமில்லாமல் சுமக்கிறார்கள். மடத்தில் ஒரு சிஸ்டர் காய்ச்சலில் படுத்தால் இன்னொரு சிஸ்டர் வகுப்புக்குப் போவார். இங்கே அம்மா படுத்தால் கணக்கும் படுத்துவிடும். பிப்ரவரி மாதத்துச் சோர்வு இவர்களிடையே பேர்போனது: வெளியே பனி, உள்ளே அடைந்துகிடக்கும் பிள்ளைகள், பாதிகூட முடியாத புத்தகங்கள். ஒழுங்கு எழுதி ஒட்டிய அட்டவணையே அப்போது குற்றப்பத்திரிகை மாதிரி சுவரில் நிற்கும். அம்மாவைக் காப்பாற்ற வந்த அட்டவணைதான் அது.

அனுபவப்பட்டவர்கள் இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, அட்டவணையைக் குறைப்பது: கணக்கு, வாசிப்பு, ஜெபம் நடந்தால் அன்றைக்குப் பள்ளி நடந்தது என்று வைத்துக்கொள்வது. இன்னொன்று, கூட்டு. வாரம் ஒரு நாள் பங்கு மண்டபத்தில் பல குடும்பங்கள் கூடும். லத்தீன் தெரிந்த அம்மா லத்தீன், வேதியியல் படித்த அம்மா பரிசோதனை, இன்னொருவர் பாட்டு. அதற்கும் மேலே போய், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பறை, மீதி மூன்று நாள் வீடு என்று இயங்கும் கலப்புப் பள்ளிகள் இப்போது பெருகிவருகின்றன. சீருடை உண்டு, கட்டணம் முழுப் பள்ளியைவிடக் குறைவு, வீட்டுப்பாடம் ஏராளம். அந்த இரண்டு நாளில் அம்மாவுக்கு ஓய்வா என்றால், இல்லை. சிலர் அங்கேயே வகுப்பெடுத்துக் கட்டணத்தில் தள்ளுபடி வாங்குகிறார்கள், சிலர் பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் கைக்குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பி, சேர்ந்துபோன துணியைப் போடுகிறார்கள்.