அசைத்தாலும் சத்தம் போடாத சிலிண்டர்

சமையல் சிலிண்டரைத் தூக்கி அசைத்தால் உள்ளே திரவம் தளக் தளக்கென்று ஆடுவது கேட்கும். சிஎன்ஜி ஆட்டோவில் பூட்டியிருக்கும் சிலிண்டரைக் கழற்றி எப்படி உலுக்கினாலும் சத்தமே வராது. முதலாவதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும்; வளிமண்டலத்தைப்போல் பத்து மடங்குக்கும் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடுபவை. இரண்டாவதில் பெரும்பகுதி மீத்தேன். சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்தும் அது வாயுவாகவே இருக்கிறது.

இன்னும் அழுத்திப் பார்க்கலாமே என்றால், பலிக்காது. மீத்தேனின் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 82.6 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் திரவமாகாது. சாதாரண அழுத்தத்தில் என்றால் மைனஸ் 161.5 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டால் கனஅளவு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். எண்ணூருக்குக் கப்பலில் வந்து இறங்குவது இந்தக் குளிர்த் திரவம்தான்.

ஏன் இத்தனை பிடிவாதம்? தண்ணீர் மூலக்கூறின் எடை 18, மீத்தேனின் எடை 16. எடையில் பெரிய வித்தியாசமில்லை. கொதிநிலையிலோ 260 டிகிரி வித்தியாசம். மீத்தேனில் நடுவே ஒரு கார்பன், நான்முகியின் நான்கு முனைகளிலும் ஹைட்ரஜன். எந்தப் பக்கமும் மின்னூட்டம் சாயாத சமச்சீரான அமைப்பு. அதனால் ஒரு மூலக்கூறு இன்னொன்றை ஈர்ப்பது சொற்பம். தண்ணீரோடும் ஒட்டுவதில்லை, சதுப்புச் சேற்றைக் கோலால் கிளறினால் கரையாமல் குமிழிகளாக மேலே வந்துவிடுகிறது. 1776-இல் வட இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் வோல்டா பிடித்து ஆராய்ந்தது அந்தக் குமிழிகளைத்தான்.

நிறம் கிடையாது, மணமும் கிடையாது. சாக்கடை நாற்றத்துக்கு மீத்தேன்மீது பழி போடுவார்கள். அங்கே நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள். கசிந்தால் தெரிய வேண்டும் என்று குழாய் எரிவாயுவில் நாற்றப்பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். மீத்தேனின் அடர்த்தி காற்றில் பாதிக்குச் சற்று மேல்; கசிந்தால் மேலே ஏறும். சமையல் சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். ஆகவே கசிவை உணர்த்தும் கருவியைக் குழாய் எரிவாயு உள்ள வீட்டில் கூரையை ஒட்டியும், சிலிண்டர் வீட்டில் தரையை ஒட்டியும் மாட்ட வேண்டும்.

காற்றில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மீத்தேனில் தீ பரவாது. 15-ஐத் தாண்டினாலும் ஆக்சிஜன் போதாமல் பரவாது. ஆபத்தெல்லாம் இடைப்பட்ட அளவில்தான். 1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்து 92 பேரைப் பலிகொண்டது. மூன்றாண்டு கழித்து ஹம்ஃப்ரி டேவி செய்த விளக்கில் சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை. வாயு உள்ளே போய் எரியும். ஆனால் வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வெளியிலுள்ள வாயு பற்றிக்கொள்ளும் சூட்டை எட்டாது. சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி போட்டால் மீத்தேன் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு விளக்கே எச்சரிக்கைக் கருவியாகவும் ஆனது அழகான வேலை.

நன்றாகக் காற்றுக் கிடைத்தால் மீத்தேன் புகையில்லாமல் நீலமாக எரியும். 16 கிராம் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 36 கிராம் தண்ணீரும் உண்டாகும். குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அடிப்பக்கம் சற்று நேரம் வியர்ப்பது இந்தத் தண்ணீரால்தான்.

தீயை விட்டால் மீத்தேன் பெரிய சோம்பேறி. சாதாரணமாக அமிலமோ காரமோ அதை அசைப்பதில்லை. ஆனால் வெயிலில் குளோரின் அதன் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மூன்று கழன்றால் குளோரோஃபார்ம். வளிமண்டலத்திலும் மீத்தேன் சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அழியாமல் சுற்றுகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. அதனால் எண்ணெய் வயல்களில் சேகரிக்க வழியில்லாத மீத்தேனை அப்படியே விடாமல் கொளுத்துகிறார்கள். நல்ல எரிபொருள் வீண்தான், ஆனாலும் விட்டுவிடுவதைவிட எரிப்பது மேல்.