மட்டை சொல்லும் கணக்கு – 7: பொட்டாஷ் மூட்டைக்குள் இருந்த உப்பு

போரானைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொன்னது நினைவிருக்கும். மரத்தின் சத்து நிலையை அறிய ஆய்வுக்கு எடுக்கும் பதினான்காம் மட்டையும் மறந்திருக்காது: விரிந்த மட்டைகளை உச்சியிலிருந்து எண்ணி வந்தால், கக்கத்தில் கைமுட்டி அளவுக் காய்களோடு குலை தாங்கி நிற்பது. போரான் கொஞ்சம் பொறுக்கட்டும். இந்த வாரம் உப்பு குறுக்கே வந்துவிட்டது.

சோற்றுக்குப் போடுகிற அதே உப்புதான்.

தென்னைக்குச் சாம்பல் சத்து அதிகம் தேவை என்பது ஊரறிந்த செய்தி. தமிழ்நாட்டில் காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பொதுப் பரிந்துரை. அந்தப் பொட்டாஷின் முழுப்பெயர் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. எடையில் ஏறக்குறைய பாதி குளோரின். அந்தப் பாதியை எவரும் கணக்கில் எடுத்ததில்லை. பொட்டாசியத்தைச் சுமந்து வரும் கூலியாள் என்று விட்டுவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸில் கணக்கு இடித்தது. பொட்டாஷ் போட்டால் காய்ப்பு கூடியது. ஆனால் மட்டையை ஆராய்ந்தால், கூடிய விளைச்சலோடு பொட்டாசியத்தின் அளவு ஒத்துப்போகவில்லை. குளோரின் அளவு ஒத்துப்போனது. 1972-இல் இதை வெளியிட்டவர் ஃபான் யூக்ஸ்கூல். வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்ததே பொட்டாஷ் உரத்தைப் பரப்பும் அமைப்பு ஒன்றில். விளைச்சலைக் கூட்டியது எங்கள் பொட்டாசியம் அல்ல, கூடவே வந்த குளோரின் என்று அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒலாஞ்ஞே, ஓக்ஸ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எண்ணெய்ப் பனைக்குக் குளோரின் அவசியச் சத்து என்று வாதிட்டிருந்தார்கள்.

செடிகளுக்குக் குளோரின் வேண்டும் என்பதே அப்போது பழைய செய்தியல்ல. கலிபோர்னியாவின் பெர்க்லியில் தக்காளிச் செடிகளை வைத்து அதை நிறுவியது 1954-இல். அவ்வளவு காலம் பிடித்ததில் வியப்பில்லை. தண்ணீரிலும் காற்றிலும் தூசியிலும் மனித வியர்வையிலும் குளோரின் இருக்கிறது. அது இல்லாமல் ஒரு செடியை வளர்த்துக் காட்டுவதே பெரும்பாடு. அதே காரணத்தால், ஓலை நறுக்கும் கை வியர்த்திருந்தால் ஆய்வக அறிக்கையும் உப்புக் கரிக்கும்.

பெரும்பாலான செடிகளுக்கு உலர்ந்த இலை எடையில் 0.01 சதவீதக் குளோரின் போதும். தென்னைக்கோ பதினான்காம் மட்டையில் 0.5 சதவீதம் அளவுக்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐம்பது மடங்கு! இத்தனை உப்பை வைத்துக்கொண்டு இந்த மரம் என்னதான் செய்கிறது?

விடை இலைத்துளைகளில் இருக்கிறது. துளையைத் திறக்க, அதன் இருபுறமும் உள்ள காவல் செல்கள் பொட்டாசியத்தை உள்ளிழுத்து உப்ப வேண்டும். பொட்டாசியம் நேர்மின்னேற்றம் கொண்டது. ஈடுகட்ட எதிர்மின்னேற்றம் உள்ள துணை தேவை. பல செடிகள் தங்களிடமுள்ள மாவுச்சத்திலிருந்தே அந்தத் துணையைத் தயாரித்துக்கொள்கின்றன. தென்னையின் காவல் செல்களில் அதற்கான மாவுச்சத்து இல்லை. வெளியிலிருந்து வரும் குளோரினை நம்பித்தான் துளை திறக்கிறது, மூடுகிறது. குளோரின் குறைந்த மரம் வறட்சியில் திணறுவதும், காய் சிறுத்துக் கொப்பரை எடை குறைவதும் இதனால்தான்.

கடலோரத் தென்னைக்கு உப்புக்காற்றே உரம். உள்நாட்டு மரத்துக்குத்தான் பற்றாக்குறை. பிலிப்பைன்ஸின் தென்னை ஆணையம் மரத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு கிலோ உப்பு போடச் சொல்லி வருகிறது. 2024-இல் அந்நாடு கொண்டுவந்த உப்புத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தில் தென்னைக்கு உப்பு உரமும் இடம்பெற்றது.

நம் பக்கத்தில் தென்னங்குழியில் உப்பைக் கொட்டி நடும் பழக்கம் உண்டே, அது? கேரளத்தின் செம்புறைக்கல் நிலங்களில் குழிக்கு இரண்டு கிலோ உப்பு போடுவது பரிந்துரையாகவே இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படும் காரணம், கல் இளகி வேர் இறங்க வேண்டும் என்பது. கரையானுக்கு என்பவர்களும் உண்டு. எந்தக் காரணத்துக்குப் போட்டாலும் குளோரின் மண்ணுக்குள் போய்விடுகிறது!

அதற்காக நாளைக்கே உப்பு மூட்டையைப் பிரித்துவிட வேண்டாம். ஒழுங்காகப் பொட்டாஷ் போடும் தோப்புக்கு அதிலிருந்தே குளோரின் கிடைக்கும். கிணற்று நீர் உப்புக் கரித்தாலோ, களிமண்ணில் நீர் வடியாவிட்டாலோ, சோடியம் மண்ணைக் கெடுத்துவிடும். முதலில் மட்டையைக் கேட்க வேண்டும். அதற்கு, ஆய்வகத்தில் ஓலையைக் கொடுக்கும்போதே குளோரினையும் பார்க்கும்படி தனியாகச் சொல்வது நல்லது.

போரான் அடுத்த வாரம், தவறாமல். அதன் வழி வேறு: முதிர்ந்த மட்டையிலிருந்து இளம் மட்டைக்கு அது எளிதில் நகராது. அதனால் குறை தெரிவது பதினான்காவதில் அல்ல, குருத்தில். இலை நுனி கொக்கி போல மடங்கிய மரம் தோப்பில் இருந்தால், அதுவரை அந்த இளம் மட்டைகளில் அரிவாள் வைக்காமல் இருக்கவும்.

(தொடரும்)